மூன்று சகோதரிக் கப்பல்களும் ஒரு கதவும்

2008ஆம் ஆண்டு ஒக்டோபரில், லண்டனில் அக்காவின் மகளுக்கு நடந்த பூப்புனித நீராட்டு விழாவுக்காக ஜேர்மனியிலிருந்து காரில் புறப்பட்டோம். வழக்கமாகப் பிரான்சின் கலேக்குப் போய் அங்கிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கடப்பதுதான் எங்கள் பயணம். அந்த முறை, அத்தான் சொன்னபடி, பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து ராம்ஸ்கேட் செல்லும் கப்பலில் இடம் பதிவுசெய்திருந்தோம். அத்தான் குளிரூட்டிய லொறி ஓட்டுபவர். இங்கிலாந்துக்கும் ஐரோப்பியப் பெருநிலத்துக்கும் இடையே வாரத்தில் மூன்று நான்கு தடவை கடல் கடக்கிறவர் என்பதால், கப்பல் விடயத்தில் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது.

அந்தக் கப்பலின் பெயர் ஒலியாண்டர். நம் அலரிச் செடிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. அந்த நிறுவனம் தன் கப்பல்கள் பலவற்றுக்குப் பூக்களின் பெயர்களை வைத்திருந்தது. வெளியே வெள்ளைப் பூச்சு, விளிம்புகளில் துரு, உள்ளே கால்பட்டுத் தேய்ந்த படிகள். பயணிகளில் பெரும்பாலோர் லொறிச் சாரதிகள். எங்களைப் போலக் குடும்பமாக வந்தவர்கள் சிலரே. பிள்ளைகள் உறங்கிய பின் நடந்து திரிந்தபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சிறிய பித்தளைத் தகடு கண்ணில் பட்டது. பலமுறை பெயின்ட் அடித்ததில் ஓரங்கள் மூடுண்டிருந்தாலும், பிரெமர்ஹாஃபன் என்ற ஊரையும் 1980 என்ற ஆண்டையும் படிக்க முடிந்தது. ஜேர்மனியில் வாழ்கிறவனுக்கு அந்த ஊர்ப்பெயர் கண்ணில் பட்டால் நிற்கத்தான் தோன்றும். வீடு திரும்பிய பிறகு அந்தக் கப்பலின் பழைய பெயர்களைத் தேடினேன். அது பிறந்தபோது அதற்கு இட்ட பெயர் பிரைட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ். 1987இல் பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுக வாசலில் 193 உயிர்களைப் பலிகொண்டு கவிழ்ந்த ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் அதன் உடன்பிறந்த கப்பல். ஒரே கட்டுதளத்தில் ஒரே வரைபடத்தில் பிறந்த மூவரில், எஞ்சிய இருவரில் ஒருத்தியின் மடியில்தான் என் பிள்ளைகள் அன்றிரவு உறங்கினார்கள். அன்று முதல் இந்தக் கப்பல்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

வாகனங்களையும் பயணிகளையும் சேர்த்து ஏற்றும் இந்தக் கப்பல்களை ஃபெர்ரி என்கிறோம். சரக்குக் கப்பலோடும் உல்லாசக் கப்பலோடும் ஒப்பிட்டால் இதன் தொழில் முற்றிலும் வேறானது. சரக்குக் கப்பல் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். ஃபெர்ரிக்குக் கடல் ஒரு குறுக்கு வீதி மட்டுமே. டோவருக்கும் கலேக்கும் இடையிலான நீரிணை அதன் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலம் கொண்டது. 1980இல் இந்த மூன்று கப்பல்களும் சேவைக்கு வந்தபோது ஒரு தடவை கடக்க அவை எடுத்துக்கொண்ட நேரம் 75 நிமிடம். கரையில் இறக்கி ஏற்ற ஒரு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், இருபத்து நான்கு மணி நேரத்தில் ஐந்து சுற்று போய்வரலாம். அதாவது, ஒரு நாளில் பத்துத் தடவை துறைமுகத்துக்குள் நுழைந்து, பத்துத் தடவை கதவு திறந்து, பத்துத் தடவை மூடி, பத்துத் தடவை புறப்பட வேண்டும். அத்தான் இதை ஒரே வசனத்தில் சொல்வார்: "ஓடுற நேரத்தில கப்பல் வேலை செய்யுது, கரையில நிக்கிற நேரத்திலதான் ஆக்கள் வேலை செய்யினம்."

கரையில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைப்பதற்காகவே இந்தக் கப்பலின் வடிவம் முழுவதும் சிந்திக்கப்பட்டிருக்கிறது. 1928இல் ஸ்டுவர்ட் டவுன்சென்ட் என்ற கப்டன் டோவர் கடவையில் கார்களுக்கென்று சேவை தொடங்கியபோது, ஒவ்வொரு காரையும் பாரந்தூக்கியால் அந்தரத்தில் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் யுத்தத் தாங்கிகளைக் கடற்கரையில் இறக்குவதற்காகக் கட்டிய தரையிறங்கு கப்பல்கள், முன்புறக் கதவு திறந்தால் வண்டி தானாக ஓடி இறங்கலாம் என்பதைக் காட்டின. போர் முடிந்ததும், 1946இல் அத்தகைய கப்பல் ஒன்று தேம்ஸ் நதிக்கரையின் டில்பரியிலிருந்து ரொட்டர்டாமுக்கு லொறிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 1953இல் டோவரின் கிழக்குத் துறையில் கார்கள் நேரே ஓடி ஏறும் மேடைகள் திறக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்த எல்லாமே இந்த ஒரு எண்ணத்தின் வளர்ச்சிதான். வண்டி பின்புறத்தால் ஏறும், முன்புறத்தால் இறங்கும், திரும்பவோ பின்னோக்கி ஓட்டவோ தேவையில்லை. கப்பல் வீதியின் ஒரு துண்டாகிவிடுகிறது.

டவுன்சென்டின் நிறுவனம் 1962இல் கட்டிய கப்பலுக்கு ஃப்ரீ என்டர்பிரைஸ் என்று பெயர் வைத்தது. அரசுடைமையான ரயில்வேயின் கப்பல்களோடு போட்டியிடும் தனியார் நிறுவனம் என்பதை உரத்துச் சொல்லும் பெயர் அது. பிறகு வந்த கப்பல்கள் பலவும் அதே பெயரைச் சுமந்தன. 1980இன் மூன்று சகோதரிகளின் பெயரில் அதோடு முறையே ஸ்பிரிட், ஹெரால்ட், பிரைட் என்ற சொற்கள் சேர்ந்தன. ஆவி, தூதர், பெருமிதம். மூன்று உந்துவிசிறிகள், மணிக்கு 22 கடல்மைல் வேகம், அகன்ற இரு வாகனத்தளங்கள் என்று, தம் காலத்தில் நீரிணையின் மிக விரைவான தொழிலாளிகள் அவை. அணியம் என்று நம் மீனவர்கள் சொல்லும் முன்பகுதியில், இரண்டு பெரிய எஃகுக் கதவுகள் பக்கவாட்டில் விரிந்து திறக்கும். அக்காலத்தில் பல ஃபெர்ரிகளில் அணியம் முழுவதும் தலைக்கவசத்தின் முகமூடி போல மேல்நோக்கி எழும். அது திறந்து கிடந்தால் சுக்கான் அறையில் நிற்பவரின் கண்ணுக்கு நேரே தெரியும். பக்கவாட்டில் திறக்கும் கதவோ, மூடியிருக்கிறதா இல்லையா என்பது சுக்கான் அறையிலிருந்து தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனத்தளத்தில் நடக்கும் வேலையைக் காரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ஒளிரும் மேலங்கி அணிந்த ஒருவர் கையசைத்து முன்னே வரச் சொல்வது மட்டுமே தெரியும். 2016இல் ஒரு குளிர்காலக் காலையில், காற்று பலமாக இருந்ததால் எங்கள் பயணம் தாமதமாகி, வாகனத்தளத்தில் காருக்குள்ளேயே சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. அந்த மாலுமிக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் இழுவைப் பெட்டியின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டைகளைக் காலால் தள்ளி இறுக்கினார். தளத்தில் பதிந்த எஃகுக் குழியில் ஒரு சங்கிலியின் கொக்கியை மாட்டி, மறுமுனையை லொறியின் அடிச்சட்டத்தில் கோத்து, நீண்ட நெம்புகோலால் அதை முறுக்கினார். முறுக்கி முடித்ததும் சங்கிலியின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சரியாக இறுகிய சங்கிலி அசையாது. நான் பார்த்த நான்கு சங்கிலிகளில் ஒன்று தளர்ந்து ஆடியது. எதுவும் சொல்லாமல் அதை அவிழ்த்து, மறுபடி மாட்டி, மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த லொறிக்குப் போனார். பின்னால் இன்னும் இருபது லொறிகளாவது நின்றன. கையுறையின் உள்ளங்கைப் பகுதி எண்ணெய் படிந்து கறுத்திருந்தது.

இந்த ஏற்றும் வேலைக்குத் தலைமை அதிகாரியே பொறுப்பு. எந்த லொறி எவ்வளவு கனம் என்று தெரிந்து, கனமானவற்றை நடுவரிசைகளிலும் இலேசானவற்றை ஓரங்களிலும் நிறுத்தி, ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கத் தொட்டிக்குக் கடல்நீரை மாற்றிச் சமன்செய்து, ஆபத்தான சரக்கைத் திறந்த தளத்துக்கு அனுப்பி, குளிரூட்டிய லொறிகளுக்கு மின்சாரம் கொடுத்து, இவை எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டோவர்ப் பக்கத்தில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிய நாள்களில் 6 மீட்டரைத் தாண்டும். ஆகவே, கரையையும் கப்பலையும் இணைக்கும் ஏறுபாலமும் நீரோடு உயர்ந்து தாழ வேண்டும். டோவரிலும் கலேயிலும் இரண்டு அடுக்குப் பாலங்கள் உண்டு. மேல்தளமும் கீழ்த்தளமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். சீபுரூகேயில் அன்றைக்கு ஒற்றை அடுக்குப் பாலமே இருந்தது.

1987 மார்ச் 6ஆம் தேதி மாலை அங்கே நடந்ததை நான் மெதுவாகவே சொல்ல வேண்டும். ஹெரால்ட் டோவர்–கலே கடவைக்காகக் கட்டிய கப்பல். அன்று சீபுரூகேக்குப் போயிருந்தது. அங்கிருந்த பாலம், கடல் உயர்ந்து நின்ற அந்த வேளையில், கப்பலின் மேல்தளத்துக்கு எட்டவில்லை. எட்டச் செய்வதற்காக அணியத்தின் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி முன்பகுதியைத் தாழ்த்தினார்கள். புறப்படும் நேரத்தில் அந்த நீர் முழுவதும் வெளியேறியிருக்கவில்லை. டோவர்–கலே ஓட்டத்தைவிட இந்த ஓட்டம் நீண்டது, கடலில் ஓய்வு கிடைக்கும் என்ற கணக்கில் ஓர் அதிகாரி குறைவாகவே பணியில் இருந்தார்கள். ஆகவே, வாகனத்தளத்தில் கதவு மூடுவதைப் பார்க்க வேண்டியவரும், புறப்படும்போது சுக்கான் அறையில் நிற்க வேண்டியவரும் ஒருவரே ஆனார். கதவை மூடும் பணியிலிருந்த மாலுமி, துப்புரவு வேலை முடித்துத் தன் அறையில் அயர்ந்து உறங்கிவிட்டிருந்தார். கதவு மூடப்பட்டது என்று சொல்லும் நடைமுறை அந்த நிறுவனத்தில் இருக்கவில்லை. குறை ஏதும் சொல்லப்படாவிட்டால் எல்லாம் சரி என்பதே வழக்கம். கப்பல் ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தது.

பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, வெளி அலைத்தடுப்பைக் கடந்து வேகம் எடுத்தபோது, அணியத்தின் முன்னால் எழுந்த அலை திறந்த வாயிலின் மேல் ஏறியது. வாகனத்தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடுப்பே இல்லாத ஒரு பெரிய கூடம். தடுப்பு இருந்தால் வண்டி ஓட முடியாது. அகன்ற தாம்பாளம் ஒன்றில் விரற்கடை அளவு நீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கை சற்றே சாய்ந்தாலும் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும், ஓடிய நீரே சாய்வை மேலும் கூட்டும், கையால் அதை மீட்க முடியாது. அவ்வளவுதான் அங்கேயும் நடந்தது. அலைத்தடுப்பைக் கடந்து சில நிமிடங்களுக்குள், கிரீன்விச் நேரப்படி மாலை 6.28 மணியளவில், கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. உயிர்காக்கும் படகை இறக்கவோ, மேலங்கி அணியவோ, அபாய அழைப்பு விடவோ நேரம் இருக்கவில்லை. ஆழமில்லாத மணற்திட்டில் விழுந்ததால் பாதி உடல் நீருக்கு மேலே கிடந்தது. கப்பலில் இருந்த 539 பேரில் 193 பேர் மாண்டார்கள். நீரின் குளிரால் இறந்தவர்களே பலர். உடைந்த இடைவெளி ஒன்றின் மேல் தன் உடலையே பாலமாகக் கிடத்தி, மனைவியையும் மகளையும் இன்னும் பலரையும் தன் முதுகின்மேல் நடந்து கடக்கச் செய்த ஒரு பயணிக்குப் பின்னர் ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது.

விசாரணையை நடத்தியவர் நீதிபதி ஷீன். தூங்கிய மாலுமியோடும் அந்த இரவின் அதிகாரிகளோடும் அவர் நின்றுவிடவில்லை. நிறுவனம் மேலிருந்து கீழ்வரை அசட்டை என்னும் நோயால் பீடிக்கப்பட்டிருந்தது என்று எழுதினார். அதற்கு முன்பே, கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் ஒரு விளக்கைச் சுக்கான் அறையில் பொருத்தும்படி கப்டன்கள் கேட்டிருந்தார்கள். கதவை மூடத்தான் ஓர் ஆள் இருக்கிறாரே என்ற தொனியில் மேலிடம் அதைத் தட்டிக்கழித்தது. அவர்கள் கேட்டது ஒரு விளக்கு. ஒரு கம்பி, ஒரு பொத்தான், ஒரு சிறு பச்சை வெளிச்சம். இந்த வரியை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த விளக்கு இன்று எல்லாக் கப்பல்களிலும் இருக்கிறது. கதவைக் காட்டும் கமெராவும் இருக்கிறது. கதவு மூடிப் பூட்டப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதாமல் கப்பல் துறையைவிட்டு நகர முடியாது. ஏறியவர்களின் எண்ணிக்கை கப்டனின் கையில் இருக்க வேண்டும். ஹெரால்ட் விழுந்த இரவில் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாமல் தவித்தார்கள். துறைமுக வாசலில் அலுவலர் காருக்குள் குனிந்து, உறங்கும் குழந்தையையும் சேர்த்துத் தலைகளை எண்ணும்போது சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பின்கதவுக் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன்.

ஆனால் விளக்கு ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது. நீர் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு விடை தேட இன்னொரு பேரழிவு வேண்டியிருந்தது. 1980இல், ஹெரால்ட் பிறந்த அதே ஆண்டில், அதே ஜேர்மனியில், பாப்பன்பர்க் என்ற ஊரில் கட்டப்பட்ட வைக்கிங் சாலி என்ற கப்பல், பின்னர் சில்யா ஸ்டார், வாசா கிங் என்று பெயர் மாறி, 1993இல் எஸ்தோனியா என்ற பெயரோடு தாலினுக்கும் ஸ்டொக்ஹோமுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1994 செப்டெம்பர் 28ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், பால்டிக் கடலின் புயலில் அதன் அணிய மூடியின் பூட்டுகள் அறுந்து, மூடி கடலில் விழுந்தது. விழும்போது உள்ளேயிருந்த சாய்தளத்தையும் இழுத்துத் திறந்துவிட்டது. 989 பேரில் 852 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1996இல் வட ஐரோப்பிய நாடுகள் ஸ்டொக்ஹோம் ஒப்பந்தத்துக்கு வந்தன. வாகனத்தளத்தில் அரை மீட்டர் வரை நீர் தேங்கினாலும் கப்பல் கவிழாமல் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்காகப் பழைய கப்பல்கள் பலவற்றின் இரு பக்கங்களிலும் மிதவைப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. நீர்மட்டத்தில் இடுப்பு பெருத்தது போன்ற தோற்றமுள்ள பழைய ஃபெர்ரியைத் துறைமுகத்தில் பார்த்தால், காரணம் அதுவாக இருக்கக்கூடும்.

எஞ்சிய இரண்டு சகோதரிகளுக்கு வருவோம். விபத்துக்குப் பின், அந்த நிறுவனம் அப்போது சுமந்திருந்த டவுன்சென்ட் தோரிசன் என்ற பெயரே மறைந்தது. செம்மஞ்சள் உடல்கள் கருநீலமாகின. ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பெயரும் கழற்றப்பட்டது. மூத்தவளான ஸ்பிரிட், பிரைட் ஒஃப் கென்ட் ஆகி, 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பலர்மோவுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே அவளை நடுவில் இரண்டாக வெட்டி, சுமார் 30 மீட்டர் நீளமான புதிய துண்டொன்றை இடையில் வைத்து ஒட்டினார்கள். லொறிகள் பெருத்துவிட்டன, எண்ணிக்கையும் கூடிவிட்டது. புதிய கப்பல் வாங்குவதைவிடப் பழையதை நீட்டுவது மலிவு. கப்பலுக்கு இப்படியும் ஒரு வாழ்வு உண்டு என்று அறிந்தபோது வியந்துபோனேன். 2003இல் அவள் கிரேக்கத் தீவுகளுக்கு விற்கப்பட்டு அந்தி மரினா ஆனாள்.

இளையவளான பிரைட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் 1988இல் பிரைட் ஒஃப் புரூஜஸ் ஆனாள். அவள் ஓடிய ஆண்டுகளில் நீரிணையின் பொருளாதாரமே புரண்டுபோனது. 1994இல் கடலடிச் சுரங்கம் திறந்தது. அதை எதிர்கொள்ள 1998இல் இரண்டு போட்டி நிறுவனங்கள் கைகோத்தன. 1999 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனை நிறுத்தப்பட்டது. மதுபானத்தையும் சிகரெட்டையும் விற்ற இலாபத்தில் பயணச்சீட்டை மலிவாக வைத்திருந்த தொழிலுக்கு அது பலத்த அடி. அந்த ஆண்டு அவளுக்கு மூன்றாவது பெயர், பிக்கார்டி, வந்தது. சில ஆண்டுகளில் ஒஸ்டெண்ட் போய் ஒலியாண்டர் ஆனாள். நான் ஏறியது அந்த நான்காவது பெயரில்.

இந்தத் தொழிலில் மனிதர்களின் பாடு கப்பல்களின் பாட்டைவிடக் கடினம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குறுகிய கடவைக் கப்பல்களில் மாலுமிகள் வாரக்கணக்கில் கப்பலிலேயே தங்கிப் பணியாற்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடினால் துறைமுகம் வந்துவிடும். கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் அணிய உந்திகள் இரைந்து சுழலும்போது கட்டிலே அதிரும். முழு இரவு என்ற ஒன்று அங்கே கிடையாது. பெருங்கடல் கப்பலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்யும் துறைநுழைவை இவர்கள் ஒரே நாளில் பலமுறை செய்கிறார்கள். அதுவும் நாளொன்றுக்கு 400க்கு மேற்பட்ட கப்பல்கள் நெடுக்காகச் செல்லும் நீர்வழியைக் குறுக்கே வெட்டி. 2022 மார்ச் 17ஆம் தேதி, இந்தக் கடவையில் ஃபெர்ரிகளை ஓட்டும் பீ அன்ட் ஓ நிறுவனம் 786 மாலுமிகளை முன்கலந்தாய்வு ஏதுமின்றி ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது. குறைந்த ஊதியத்துக்கு முகவர்கள் மூலம் வேறு ஆள்களை வைப்பதே நோக்கம். அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் பிரான்சும் இக்கடவைக் கப்பல்களின் ஊதியம் பற்றித் தனித்தனிச் சட்டங்கள் இயற்றின. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் களைத்த மனிதன் ஒருவன் தூங்கிவிட்டதால் தொடங்கிய கதையை அறிந்தவர்கள், ஆள்களைக் குறைத்து ஓய்வைச் சுருக்கும் எந்தக் கணக்கையும் அச்சத்தோடுதான் பார்க்க முடியும். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இப்போது டோவரில் ஓடும் புதிய கப்பல்கள் சிலவற்றுக்கு முன்னும் பின்னும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் கட்டி 2023இலும் 2024இலும் வந்த, 230 மீட்டர் நீளமான பயனியரும் லிபர்ட்டேயும் இரு முனைகளிலும் சுக்கான் அறை கொண்டவை. துறைக்குள் கப்பலைத் திருப்ப வேண்டியதில்லை. கப்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துபோனால் போதும். எரிபொருளும் மிச்சம், சில நிமிடமும் மிச்சம். டவுன்சென்ட் பாரந்தூக்கியை விட்ட நாளிலிருந்து எல்லாரும் துரத்தி வருவது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

ஒலியாண்டரை நடத்திய நிறுவனம் 2013 ஏப்ரலில் கடன் தாங்காமல் மூடப்பட்டது. ஒஸ்டெண்ட்–ராம்ஸ்கேட் கடவையும் அதோடு நின்றது. கப்பல் மேலும் கைமாறி, பெயர் மாறி, 2015இல் குஜராத்தின் ஆலாங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. அங்கே கப்பலை எப்படிக் கரையேற்றுவார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். கடல் முழுதாக உயரும் வேளையில், அதன் சொந்த இயந்திர வலுவிலேயே, வேகம் குறைக்காமல் மணலை நோக்கிச் செலுத்துவார்கள். முப்பத்தைந்து ஆண்டு, நாளுக்குப் பத்துத் தடவைவரை, அங்குலம் அங்குலமாகக் கரையை நெருங்கப் பழகிய ஒரு கப்பல் அது.

செய்தியை அறிந்தவுடன் அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தக் கப்பலின் பிறப்பையும் சகோதரிகளையும் பற்றி முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கீழ்த்தளத்தின் இடப்பக்கம், படிக்கட்டுக்கு அடுத்த தூணில் ஒரு மின்செருகி இருந்ததே, மற்றவை எல்லாம் துருப்பிடித்துக் கிடந்த நாள்களிலும் அது ஒன்று மட்டும் ஒழுங்காக வேலை செய்யும், அதற்காகவே நேரத்தோடு போய் வரிசையில் முன்னுக்கு நிற்பேன் என்றார்.